உள்ளே எம்புட்டு நேரம்

உருண்டைப் பிடி சுற்றிக்கொண்டே இருந்தது, கதவு மட்டும் அசையவில்லை. வலப்பக்கம் திருகினால் வலப்பக்கம் சுற்றியது, இடப்பக்கம் திருகினால் இடப்பக்கம். உள்ளே ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்க வேண்டும். ஈரக் கை வழுக்குகிறது போல என்று நினைத்து, அங்கயற்கண்ணி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துப் பிடியின் மேல் போட்டு இறுக்கித் திருகிப் பார்த்தாள். அப்போதும் அதே கதைதான். எரிச்சலில் தோளால் ஒரு இடி இடித்தாள். எழுபத்து மூன்று வயதுத் தோளுக்கு அந்தக் கதவு எங்கே பயப்படப் போகிறது, வலித்தது தோள்தான். சேலையும் ரவிக்கையும் வெளியே கட்டிலில் கிடந்தன. தனியாக இருக்கிற வீட்டில் மாற்றுத் துணியை எதற்கு ஈரத்துக்குள் கொண்டுவருவது என்று உள்பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு அப்படியே கட்டில் வரைக்கும் போவதுதான் இங்கே வந்தபிறகு பழக்கம். சரி, தனியாக இருக்கிற வீட்டில் குளியலறைக் கதவை எதற்குப் பூட்ட வேண்டும்? இந்தக் கேள்வி அவளுடைய குரலில் வரவில்லை, மகன் சொக்கலிங்கத்தின் குரலில் வந்தது. "அம்மா, குளிக்கும்போது மட்டும் லாக் பண்ணாதம்மா, அங்க யாரு வரப் போறா?" குடிவந்த அன்றைக்கே சொன்னான். சரிப்பா என்று தலையையும் ஆட்டினாள். தலைதானே ஆட்டியது, கைக்குத் தெரியுமா அது? முன்னால் குடியிருந்த தெற்குவாசல் காம்பவுண்டில் பொதுக் குளியலறைத் தகரக் கதவின் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் முதல் சொம்புத் தண்ணீரையே ஊற்ற வேண்டும். மாட்டவில்லையென்றால் யாராவது ஒருத்தி வாளியோடு உள்ளே வந்து நிற்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படியே பழகிப்போய்விட்டது. இன்றைக்கும் கதவைச் சாத்தியதும் விரல் தானாகப் போய்ப் பிடியின் நடுவில் இருக்கிற பூட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டது. அமுக்கினோமா என்று கேட்டால் அவளுக்கே ஞாபகமில்லை.

மேற்கத்தியக் கோப்பையின் மூடியை இறக்கிவிட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். பதறக் கூடாது, பதறினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் வழுக்கும், வழுக்கினால் அவ்வளவுதான். இப்போது என்ன நேரம் இருக்கும், பத்து தாண்டியிருக்கும். சொக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பெங்களூரிலிருந்து கூப்பிடுவான், சில நாள் முன்னாலேயே கூப்பிடுவான். போன் கட்டிலில் சேலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அவன் கூப்பிட்டு அவள் எடுக்கவில்லையென்றால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும், ஒரு தடவை நடந்துவிட்டது. போன மாதம் மிக்ஸியில் தோசைமாவுக்கு உளுந்து ஓடிக்கொண்டிருந்தபோது அவன் அடித்தது காதில் விழவில்லை. கீழே காவல்காரருக்குச் சொல்லி, அவர் சங்கத்துச் செயலாளருக்குச் சொல்லி, கதவைத் திறந்தால் வாசலில் நாலு ஆம்பிளைகள், "மேடம், நல்லா இருக்கீங்களா?" கையெல்லாம் உளுந்துமாவாக அவள் நிற்கிறாள். அன்றைக்குச் சாயந்திரம் சொக்கு கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னான், "இன்னொரு தடவை இப்படி என்னைப் பதற விட்டீன்னா நான் நேர்ல வந்து கூட்டிட்டுப் போயிருவேன்மா. அப்புறம் மாட்டேன்னு சொல்லக் கூடாது." சொல்லமாட்டேன் என்று அவளும் சொல்லித் தொலைத்தாள். ஆகவே இப்போது கத்தக் கூடாது. கத்தினால் அதே நாலு பேர் வருவார்கள், கதவை உடைப்பார்கள், பாவாடையோடு நிற்கிற கிழவியைப் பார்ப்பார்கள், அவனிடம் சொல்வார்கள். கத்தாமல் இருந்தாலோ அவன் போன் அடிப்பான், அப்போதும் அதே நாலு பேர்தான். இரண்டு பக்கமும் அந்த நாலு பேரே நிற்கிறார்கள். நடுவில் இருப்பது இந்தப் பிடி ஒன்றுதான். எழுந்து மறுபடி திருகினாள். சுற்றியது.

கொண்டை ஊசியைக் கதவுக்கும் பிடிக்கும் நடுவில் விட்டு நெம்பிப் பார்த்தாள், ஊசி வளைந்தது. சோப்பைத் தடவிப் பார்த்தாள். கெஞ்சிக்கூடப் பார்த்தாள், "திறந்துருய்யா, நல்லா இருப்ப" என்று. அப்புறம் சிரிப்பு வந்தது. யாரிடம் கேட்ட வரத்தை யார் கொடுத்தது? இதற்குத்தானே ஆசைப்பட்டாய், தட்டுவாரில்லாத குளியலறை வேண்டுமென்று. காம்பவுண்டில் பன்னிரண்டு குடித்தனத்துக்கு இரண்டே இரண்டு, ஒன்றுக்குக் கூரை கிடையாது. விடிகிறதற்கு முன்னாலேயே வாசலில் வாளிகள் வரிசை கட்டி நிற்கும், பச்சை வாளி கடைவீட்டுப் பிச்சம்மா, கைப்பிடி உடைந்து கயிறு கட்டியது அச்சாபீஸ்காரர் வீடு, மூங்கில் மூடி போட்டது மாடிவீட்டு டீச்சர். வாளியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். உள்ளே போய்த் தலைக்கு இரண்டு சொம்பு ஊற்றுவதற்குள் பிச்சம்மாவின் கை தகரத்தில் விழும், டங்கு டங்கு டங்கு. "உள்ள எம்புட்டு நேரம்? ஆத்துலயா குளிக்கிற?" பிச்சம்மாவுக்கு வேறு வேலையே கிடையாது. அவளுடைய வீட்டுச் சன்னல் குளியலறைக்கு நேர் எதிரே. யார் எப்போது போனார்கள், எப்போது வந்தார்கள், யாருக்கு வயிறு சரியில்லை, எந்த மருமகளுக்கு இந்த மாதம் தள்ளிப்போயிருக்கிறது, எல்லாம் அவளிடம் இருக்கும். அங்கயற்கண்ணி ராத்திரி புருஷனிடம் அழுவாள், "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம், யாரும் தட்டாத ஒரு குளியலறை மட்டும் கட்டிக் குடுத்துரு." பூமிநாதன் தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர், புரொஜெக்டரில் எரிகிற கார்பன் குச்சியின் வாசனை அவன் சட்டையை விட்டு எந்தச் சோப்புக்கும் போகாது. "மேனேஜர் ரூம்ல ஒண்ணு இருக்குது, கேட்டுப் பாக்கவா?" என்பான். அந்த வாசனை இப்போது எங்கே கிடைக்கும். இந்த அறையில் எலுமிச்சை வாசம் அடிக்கிறது, பாட்டிலில் விற்கிற எலுமிச்சை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு, பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி, கால் வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு, எல்லாம் சொக்கு பார்த்துப் பார்த்துப் போட்டது. குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத இடத்தில் மனிதர் என்ன பேசுவது என்பதுதான் தெரியவில்லை.

காம்பவுண்டை வீட்டுக்காரரின் மகன்கள் விற்றார்கள். பிச்சம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு திசை. பக்கத்துச் சந்தில் ஒரு அறையும் அடுப்படியுமாக வாடகைக்கு இருந்ததை அவள் போய்ப் பார்த்துக்கூட வந்தாள். சொக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படி செங்குத்து, தண்ணி உப்பு, காத்து வராது, எல்லாமே நிஜம். பெங்களூருக்கு வா என்றான். ஒரு மாதம் போய் இருந்தாள். பத்தொன்பதாவது மாடி. மருமகள் தங்கமான பிள்ளை, பேத்தியும் தங்கம், ஆனால் எழுந்து ஒரு டம்ளரை எடுத்தால் போதும், "நீங்க உக்காருங்க" என்று வாங்கிக்கொள்வார்கள். உட்கார்ந்தாள். காய் நறுக்கப் போனால் உக்காருங்க, துணி மடிக்கப் போனால் உக்காருங்க. உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஆள் தேவைப்பட்டது. அப்போது வந்த பயம்தான். மதுரைக்குத் திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் இரண்டு பேரும் இறங்கிவந்து ஒத்துக்கொண்ட இடம்தான் இது, ரிங் ரோட்டைத் தாண்டி, மதுரை என்றால் மதுரை, இல்லையென்றால் இல்லை. மூட்டுவலி தெற்குவாசலிலும் இருந்தது, இல்லாமலா? ஆனால் அங்கே வாசலை விட்டு இறங்கினால் முதலில் காம்பவுண்டுச் சுவர், அதைப் பிடித்துக்கொண்டு போனால் இஸ்திரிக்காரர் வண்டி, அங்கே நின்று ஒரு பேச்சு, அப்புறம் மருந்துக்கடை பெஞ்சு, அங்கே உட்கார்ந்து ஒரு மூச்சு, அதைத் தாண்டினால் கீரைக்காரி, "என்னக்கா, இன்னைக்கு முட்டி எப்படி?" பிடித்துக்கொள்ளச் சுவரும் கேட்க ஆளும் இல்லாத ஒரு பத்தடி அங்கே கிடையாது. அப்படியே பிடித்துப் பிடித்து மார்க்கெட்டுக்கே போய் வந்துவிடுவாள். யாரும் அவளைத் தனியாக நடமாடுகிறவள் என்று மெச்சவில்லை, அவளும் நினைத்துக்கொள்ளவில்லை. இங்கே படி இல்லை, மேடு பள்ளம் இல்லை, லிஃப்டில் பொத்தானை அமுக்கினால் இறக்கிவிடுகிறது. இறங்கி எங்கே போவது? கேட்டுக்கு வெளியே காலி மனை, கருவேலம், அதைத் தாண்டி லாரி பறக்கிற ரோடு, பஸ் நிற்கிற இடம் அந்தப் பக்கம். கால் இருக்கிறது, போகத்தான் இடம் இல்லை. பாலுக்கும் தக்காளிக்கும் போனில் விரலால் தேய்க்க வேண்டும், ஒரு தடவை கைதவறித் தேய்த்து நாய்க்குப் போடுகிற பிஸ்கட் வந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் காவல்காரர் ஆட்டோ பிடித்துக் கொடுக்க, டவுனுக்குப் போய்விட்டு வருவாள். அந்த வெள்ளிக்கிழமையைத்தான் இந்தப் பிடி பிடுங்கிக்கொண்டு போகப் போகிறது.

தலை ஈரம் காய்ந்து முதுகில் குளிர் ஏறியது. வாசல் கதவு ஞாபகம் வந்தது. பகலில் அவள் அதைத் தாழிடுவதில்லை, வெறுமனே சாத்தி வைப்பதோடு சரி. பகலில் கதவைத் தாழிட்டால் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கும். அதுவும் சொக்குவுக்குத் தெரியாது. யாராவது உள்ளே வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனால்கூட இங்கிருந்து சத்தம்தான் கேட்க முடியும். வரட்டும், எவனாவது வரட்டும், முதலில் இந்தக் கதவைத் திறந்துவிட்டு அப்புறம் தூக்கிக்கொண்டு போகட்டும். தண்ணீர் தள்ளுகிற கட்டையை எடுத்து, மேலே இருந்த வெண்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை நெம்பி நிமிர்த்தினாள். கோப்பை மேல் ஏறி நின்று எட்டிப் பார்க்க ஒரு கணம் புத்தி போயிற்று, வேண்டாமடி என்று இடுப்பு சொல்லிவிட்டது. பட்டை திறந்ததும் குழாய்கள் இறங்குகிற அந்தச் சந்து முழுக்க இரைச்சல். இத்தனை மாதமாக இந்தச் சந்து வழியாகத்தான் அவளுக்கு இந்தக் கட்டடத்தைத் தெரியும். முகம் தெரியாது. காலையில் தொண்டையைக் கொப்பளித்துக் கொப்பளித்துச் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி துப்புகிற ஒருவர். புதன்கிழமை கருவாடு வறுக்கிற ஒரு வீடு, அந்த வாசம் வந்தால் இவளும் இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவாள். துணி துவைக்கும்போது முணுமுணுவென்று பாடுகிற ஒரு பெண். இப்போது எங்கேயோ மிக்ஸி, எங்கேயோ குக்கர். அந்தச் சதுரப் பொந்தைப் பார்க்கப் பார்க்கத் தியேட்டர் கவுண்ட்டர் ஞாபகம். பூமிநாதன் போன பிறகு முதலாளி அவளைப் பெண்கள் கவுண்ட்டரில் உட்கார வைத்தார். சுவரில் இதைவிடச் சின்னப் பொந்து, ஒரு கை மட்டும்தான் நுழையும். வெளியே தள்ளுமுள்ளு நடக்கும், உள்ளே அவளுக்குக் கை கையாகத்தான் தெரியும், மருதாணிக் கை, மாவு காய்ந்த கை, வளையல் உடைந்து ரத்தம் கசிகிற கை. "சில்லறையை எடுத்து வச்சுக்கங்க! தள்ளாதீங்க!" என்று அவள் ஒரு குரல் விட்டால் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அந்தக் குரலை எங்கே வைத்தோம்? தொண்டையைச் செருமினாள். "ஏங்க..." அவள் காதுக்கே எட்டவில்லை. "யாராவது..." அதற்கு மேல் வரவில்லை. காம்பவுண்டில் யாராவது என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஏய் பிச்சம்மா, ஏ டீச்சரக்கா, டேய் அச்சாபீஸு, என்றுதான் கூப்பிடுவார்கள். கத்துவதற்கு ஒரு பேர் வேண்டாமா? இத்தனை மாதத்தில் இந்தக் கட்டடத்தில் ஒரு பேர்கூடச் சம்பாதிக்கவில்லை. லிஃப்டில் பார்த்தால் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள், கதவு திறக்கிறது, போய்விடுகிறார்கள்.

போன் அடித்தது. கட்டிலில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சொக்குதான், வேறு யார். இன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அடித்தது. சின்ன வயதில் அவன் இப்படித்தான், வாசலில் நின்று அம்மா என்பான், பதில் வரவில்லையென்றால் இன்னும் உரக்க அம்மா என்பான், மூன்றாவது தடவை அழுதுவிடுவான். மூன்றாவது தடவையில் இப்போது அழமாட்டான், காவல்காரருக்கு அடிப்பான். என் ராசா, கொஞ்சம் பொறு, எனக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாக இருக்கிறேன், ஒரு கதவுதான் நடுவில் இருக்கிறது. மணி நின்றது. அந்த அமைதியில்தான் கீழே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நேர் கீழ் வீடு, அந்தப் பாட்டு முணுமுணுக்கிற பெண்ணின் வீடு. தண்ணீர் வாளியில் விழுந்தது, வாளி நிரம்பியது, நிரம்பி வழிந்தது. யாரும் சொம்பு போடவில்லை. வழிகிற தண்ணீருக்கு அடியில் இன்னொரு சத்தம், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். அங்கயற்கண்ணிக்கு அது தெரியாதா. பூமிநாதனைத் தூக்கிக்கொண்டு போன பதினாறாம் நாள் கழிந்து, சொந்தமெல்லாம் ஊருக்குப் போன பிறகு, வீட்டில் அழுதால் பிள்ளை பார்க்கிறது, வாசலில் அழுதால் ஊர் பார்க்கிறது என்று தகரக் கதவைக் கொக்கி மாட்டி, குழாயைத் திறந்துவிட்டு, அதன் அடியில் உட்கார்ந்து இப்படித்தான் அழுதாள். டங்கு டங்கு டங்கு. "உள்ள எம்புட்டு நேரம்?" பிச்சம்மா. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. கொக்கியைப் பிடுங்கி எறிந்து, "சாகவா போயிட்டேன்? குளிக்கக்கூட விடமாட்டியாடி?" என்று காம்பவுண்டே கூடுகிற மாதிரி கத்தினாள். பிச்சம்மா வழிந்துகொண்டிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கயற்கண்ணியின் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் தன் சன்னலுக்குத் திரும்பிவிட்டாள். எத்தனையோ வருடம் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவில், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள், "குளிக்கிறவ வாளியை வழிய விடமாட்டாடி." அவ்வளவுதான் சொன்னாள். அங்கயற்கண்ணியும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமலே அவளைக் கொள்ளி வைத்து எரித்தாயிற்று.

கீழே வாளி வழிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரமாக? இந்தப் பெண் தனியாகவா இருக்கிறது? கதவைப் பூட்டிக்கொண்டு என்ன செய்கிறது? தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. தண்ணீர் தள்ளுகிற கட்டையைத் திருப்பிப் பிடித்து, சுவரோரம் கீழே இறங்குகிற குழாயில் ஓங்கி அடித்தாள். அடித்து, எங்கேயோ தொலைத்திருந்த அந்தக் கவுண்ட்டர்க் குரலில் கத்தினாள்.

"யாருத்தா கீழ? உள்ள எம்புட்டு நேரம்?"

அழுகை நின்றது. குழாய் மூடுகிற சத்தம். மிக்ஸிகூட நின்றுபோன மாதிரி இருந்தது. சந்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மட்டும்.

"யாரு?" அடியிலிருந்து கம்மிய குரல்.

"மேல் வீடு."

"என்னம்மா வேணும்?"

என்ன வேண்டும்? உன் வாளி வழிகிறது என்று சொல்வதா, நீ அழுதது கேட்டது என்று சொல்வதா? அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது திரும்ப ஞாபகம் வந்தது, வந்ததும் அதுவே வாயில் வந்துவிட்டது.

"பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேம்மா. கதவு திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து திறந்து விடுறியா? வாச்மேனுக்குச் சொல்லிராத. நீ மட்டும் வா. வாசக் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு, தள்ளுனா திறந்துக்கும்."

வரமாட்டாளோ? தான் அழுததைக் கேட்டவள் முகத்தில் முழிக்க யாருக்குத்தான் மனசு வரும். லிஃப்டில் வருகிறாளா, படியிலா? வாசல் கதவு கிரீச்சிட்டது. இந்த வீட்டில் இன்னொருவர் காலடி விழுந்து எத்தனை நாளாயிற்று. அந்தக் காலடி கூடத்தில் வந்து தயங்கி நின்ற அதே நேரம் கட்டிலில் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"அம்மா, போன் அடிக்குதும்மா. சொக்குன்னு வருது."

"எடுக்காத!" என்றாள் அங்கயற்கண்ணி. உடனே, "எடு, எடு! எடுத்து, குளிச்சிக்கிட்டு இருக்காகன்னு சொல்லு. நல்லா இருக்காகன்னு சொல்லு."

கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் தொண்டையைச் சரி செய்துகொள்வது கேட்டது. "ஹலோ... இல்லண்ணே, நான் கீழ் வீடு. ஜீனத்து... அம்மா குளிக்கிறாங்க... ஆமாண்ணே, நல்லா இருக்காங்க. சும்மா காப்பித்தூள் வாங்க வந்தேன்... சரிண்ணே, சொல்றேன்." அழுது முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகாத குரல் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறது. காப்பித்தூள் என்று யார் சொல்லிக் கொடுத்தது அதற்கு? பிறகு அடுப்படியில் ஏதோ உருட்டுகிற சத்தம், கத்தி முனை கதவின் அந்தப் பக்கத்தில் எங்கேயோ நுழைந்து திரும்பியது, கதவு திறந்துகொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு வேலையே இல்லை.

முப்பது வயதிருக்கும். நைட்டியின் மேல் அவசரமாகப் போட்ட துப்பட்டா, கண் இரண்டும் இட்லி மாதிரி வீங்கிக் கிடந்தன. பாவாடைக் கட்டோடும் சிக்குத் தலையோடும் நின்ற கிழவியை அவள் பார்த்தாள், பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கயற்கண்ணியும் அவள் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே கட்டிலுக்குப் போனாள். இருவரும் மற்றவரின் வெட்கத்தைத் தாண்டிக் கால் வைக்காமல் நடந்துகொண்டார்கள். சேலையைச் சுற்றி முடித்தாள். உட்காராமல் அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள்.

"நான் போறேம்மா."

"காப்பித்தூள் வாங்க வந்தவ காப்பி குடிக்காமப் போனா எப்படி? உக்காரு."

பால் பொங்குவதற்குள் மனசு நாலு பக்கம் ஓடியது. தப்பித்தாயிற்று. சொக்குவுக்குத் தெரியாது. பூட்டை ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டால் தெரியவே தெரியாது. அவனே இப்போது சந்தோஷமாக இருப்பான், அம்மாவுக்கு அக்கம்பக்கத்தில் பழக்கம் வந்துவிட்டது என்று. அப்படியே விட்டுவிடலாம். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தாளே, அத்தனை நேரம், வாயைத் திறக்காமல், அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று. இந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த தடவையும் அப்படித்தான் உட்கார வேண்டியிருக்கும். அடுத்த தடவை பூட்டாக இருக்காது, காலாக இருக்கும், நெஞ்சாக இருக்கும். போனை எடுத்து அவளே அடித்தாள்.

"என்னம்மா, குளிச்சிட்டியா? யாரோ ஒரு பொண்ணு..."

"சொக்கு, கேளு. நான் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டேன். லாக் போட்டுட்டேன், அது கெட்டுப்போச்சு. ரொம்ப நேரம் உள்ளதான் இருந்தேன். அந்தப் பிள்ளைதான் வந்து திறந்துவிட்டுச்சு. காப்பித்தூளெல்லாம் பொய்யி. நான்தான் சொல்லச் சொன்னேன்."

அவனுடைய அலுவலகத்தில் யாரோ சிரிப்பது மட்டும் தூரத்தில் கேட்டது. இப்போது சொல்லப் போகிறான். பெட்டியை எடுத்து வை என்று சொல்லப் போகிறான். வெள்ளிக்கிழமை போயிற்று.

"லாக் போடாதன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"ஏம்மா போட்ட?"

"கை போட்டுருச்சுப்பா." போனை மறு காதுக்கு மாற்றினாள். "கூட்டிட்டுப் போறதா இருந்தா வராத. பூட்டைக் கழட்டுறதா இருந்தா ஞாயித்துக்கிழமை வா."

"அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடு" என்றான்.

கொடுத்தாள். அவன் என்ன கேட்கிறான் என்று தெரியவில்லை, ஜீனத்தின் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. "ம்... ம்... கீழதாண்ணே இருக்கோம்... பகல்ல வீட்லதான்... இல்லண்ணே, விழுகவெல்லாம் இல்ல, நல்லாத்தான் நிக்கிறாங்க... சரி, எழுதிக்கங்க." நம்பர் சொன்னாள். பத்து எண்ணும் ஒவ்வொன்றாகப் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள் அங்கயற்கண்ணி. முடிந்தது, இனிமேல் எதிரே ஒரு சன்னல். குளித்தாளா, தின்றாளா, இருமினாளா எல்லாம் கீழே இறங்கிப் பெங்களூருக்குப் போகும். கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், அதோடு ஒரு ஆயுசு குடித்தனம் செய்திருக்கிறாள். அதற்கு அடியில் இன்னொன்று, முதுகில் அதுவரை ஏறியிருந்த குளிர் மெல்ல இறங்குவது. ஜீனத் போனை நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை ஸ்குரூடிரைவரோட வர்றேன்னு சொல்லச் சொன்னாரு."

"அவன் கூப்பிடுறப்பல்லாம் எடுக்காத. நாலு தடவைக்கு ஒரு தடவை எடு, போதும்."

ஜீனத் சிரித்தாள். வீங்கிய கண்ணோடு சிரிக்கும்போது முகம் பத்து வயதுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தாள். ஏன் அழுதாய் என்று அங்கயற்கண்ணி கேட்கவில்லை. கேட்டால் நாளைக்கு வரமாட்டாள். அது எங்கே போகப் போகிறது, இருக்கட்டும். டம்ளரைக் கழுவி வைக்க அந்தப் பெண் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தபோதுதான் சொன்னாள்.

"இந்தா பாரு ஜீனத்து. அழணும்னா நல்லா அழு, உன் வீடு, உன் பாத்ரூமு. ஆனா குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு அழாத. எனக்குச் சரியாக் கேக்க மாட்டேங்குது."

ஜீனத் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.